கூந்தல் யார் கையில்? – மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து ஒரு சரித்திரம்

"அம்பது வயசுக்கு மேல் பெண்களுக்கு எந்த ஹேர்ஸ்டைல் நல்லா இருக்கும்?" அப்படின்னு நெட்ல தேடிப் பாருங்க. பாப், பிக்ஸி, லேயர் கட்டுன்னு வரிசையா வரும். எல்லாப் படத்துலயும் ஒரு வெள்ளைக்கார அம்மா சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. நம்ம ஊர் பொம்பளைங்க முகம், நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் தேங்காய் எண்ணெய், முக்கியமா நம்ம ஊர் சொந்தக்காரங்க வாய்... இதுல எதையும் கணக்குல எடுத்துக்காத யோசனைங்க அது :-)

ஆனா நம்ம பக்கம் இந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வருஷத்துக் கதை இருக்கு. வயசான ஒரு பொண்ணு தன் தலைமுடியை என்ன செய்யணும்? கட்டணுமா, மழிக்கணுமா, பறிக்கணுமா, சாயம் போடணுமா? இதைவிட முக்கியம், அதை முடிவு பண்றது யாரு? நான் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறவன், சரித்திரம் படிச்சவன் இல்ல. ஆனா சொந்த ஊர் திண்டிவனம் பக்கம்ங்கறதால இந்தக் கதையில பாதி நம்ம வட்டாரத்துலயே ஓடுதுன்னு தெரிஞ்சதும் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

மேல்சித்தாமூர் எங்க இருக்கு?

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா வர்ற கிராமம். வயக்காடு, பனைமரம், நடுவுல திடீர்னு ஒரு பெரிய கோபுரம். அது பார்சுவநாதர் கோயில். தமிழ் சமணர்களோட முக்கியமான மடம் இங்கதான் இருக்கு. ஜினகாஞ்சி மடம்னு பேரு. பேருலயே காஞ்சிபுரம் இருக்கறதை கவனிச்சீங்களா? ஒரு காலத்துல காஞ்சியில இருந்த மடம் இது. நம்ம பக்கத்துல நயினார்னு சொல்றோமே, அவங்கதான் தமிழ் சமணர்கள். வடக்கேயிருந்து வியாபாரத்துக்கு வந்தவங்க இல்ல, இந்த மண்ணுலயே விவசாயம் பார்த்து, தமிழ்லயே பேசி, தமிழ்லயே காப்பியம் எழுதின கூட்டம்.

ஊர்ல இன்னொரு கோயில் மல்லிநாதர் கோயில். உள்ள ஒரு பெரிய பாறையில பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகா யட்சி எல்லாரையும் செதுக்கி வச்சிருக்காங்க. 9-ம் நூற்றாண்டு வேலைன்னு சொல்றாங்க. பொதுவா சமணச் சிற்பங்களைப் பார்க்கும்போது தலையைப் பாருங்க. பல தீர்த்தங்கரர்கள் ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் இருப்பாங்க, ஆனா பார்சுவநாதருக்கு தலைக்கு மேல பாம்புப் படம். முதல் தீர்த்தங்கரர் ரிஷபநாதருக்கு பல சிற்பங்கள்ல தோள்ல முடி வழியும். அதுக்கு ஒரு கதை உண்டு. துறவு பூணும்போது தீர்த்தங்கரர்கள் தன் முடியை அஞ்சு பிடியா தானே பறிச்சு எறிவாங்க. ரிஷபர் நாலு பிடி பறிச்சதும், மிச்ச முடி தோள்ல விழுந்து கிடக்கற அழகைப் பார்த்து, "இது இருக்கட்டும் சாமி"ன்னு இந்திரன் கேட்டுக்கிட்டானாம். சுவேதாம்பர மரபுல வர்ற கதை இது. துறவியோட முடியைக்கூட "உங்களுக்கு இது நல்லா இருக்கு"ன்னு பாராட்டின முதல் ஆள் இந்திரன்தான் போல.

பறிக்கிற கை

முடியைப் பறிக்கறதுக்கு சமணத்துல லோசம்னு பேரு. கத்தி கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது. விரல்ல பிடி கிடைக்க சாம்பல் தொட்டுக்கிட்டு கையால பிடுங்கறதுதான். மூலாசாரம்னு ஒரு பழைய திகம்பர நூல் இதுக்குக் கணக்கே சொல்லுது: ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் பறிச்சா உத்தமம், மூணு மாசம்னா நடுத்தரம், நாலு மாசம்னா கடைசி. ஆண் துறவிக்கும் பெண் துறவிக்கும் இதே விதிதான்.

ஏன் இவ்வளவு வலி? காரணம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். நாவிதர் வேணும்னா ஒருத்தர்கிட்ட போய் நிக்கணும், காசு வேணும். கத்தி வேணும்னா ஒரு பொருளைச் சொந்தமா வச்சுக்கணும். முடியை வளரவிட்டா பேன் வரும், பேனைக் கொல்லணும். எதுவுமே வேணாம், எவனையும் நம்பி இருக்க வேணாம்னுதான் சொந்தக் கை.

தேவாரத்துல இந்தப் பழக்கத்தைக் கேலி பண்ற இடங்கள் நிறைய. அதுல அப்பர் மட்டும் உள்ள இருந்து பார்த்தவர். 7-ம் நூற்றாண்டுல திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் (இன்னைக்கு கடலூர்) சமணராக இருந்து, தலைமுடியைப் பறிச்சுக்கிட்டவர். அவரைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தது திருவதிகையில இருந்த அக்கா திலகவதியார். தென்னார்க்காடு முழுக்க இந்த ரெண்டு மதத்துச் சண்டையில தலைமுடி ஒரு அடையாள அட்டை மாதிரி இருந்திருக்கு.

இப்ப சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கோவலன் கண்ணகியோட மதுரை வரைக்கும் நடந்து வர்ற கவுந்தியடிகள் யாரு? ஒரு சமணப் பெண் துறவி. வயசுல பெரியவங்க. புகார்ல இருந்து மதுரை வரைக்கும் நடக்கறாங்க, வழியில ரெண்டு பேர் வம்பு பேசினதுக்கு நரியாப் போகச் சபிக்கறாங்க, கண்ணகியை மாதரிகிட்ட அடைக்கலம் கொடுக்கறாங்க. தமிழ் இலக்கியத்துல நடுவயசைத் தாண்டின ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் கிடைச்ச பாத்திரம் அபூர்வம். சீவக சிந்தாமணியிலயும் இப்படி ஒருத்தர் உண்டு. சீவகனோட அம்மா விசயை. மயில்பொறியில தப்பிச்சுப் போய் சுடுகாட்டுல பிள்ளை பெத்து, வருஷக்கணக்கா தவப்பள்ளியில இருந்து, மகன் ராஜா ஆனதும் அரண்மனையில உக்காராம துறவியாப் போயிட்டாங்க.

முடியைப் பேரா வச்ச ரெண்டு புத்தகம்

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். குண்டலகேசி, நீலகேசி. ரெண்டும் பேரைக் கேட்டிருப்போம், பத்தாங்கிளாஸ்ல ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். கேசின்னா கூந்தல் உள்ளவள். சுருள்முடிக்காரி, கருநீல முடிக்காரி. மதச் சண்டை போடற ரெண்டு தத்துவப் புத்தகத்துக்கு பொம்பளை முடியைப் பேரா வச்சிருக்காங்க!

குண்டலகேசி கதை வடக்கேயிருந்து வந்தது. பாலி மொழி பௌத்த நூல்கள்ல அவ பேரு பத்தா. ஒரு திருடனைக் காதலிச்சுக் கல்யாணம் பண்றா. அவன் நகைக்காக மலை உச்சியில இருந்து தள்ளப் பார்க்கறான். இவ புத்திசாலித்தனமா அவனை முந்தித் தள்ளிடறா. அப்புறம் வீட்டுக்குப் போக முடியல. முதல்ல சமணத் துறவிகளோட சேர்றா. அங்க பனை சம்பந்தப்பட்ட ஒரு சீப்பால முடியை வேரோட எடுத்தாங்களாம். திரும்ப வளர்ந்தப்ப முடி சுருள் சுருளா வளர்ந்துச்சு, அதனாலதான் குண்டலகேசின்னு உரையாசிரியர்கள் சொல்றாங்க. அப்புறம் பௌத்தத்துக்கு மாறி, அம்பது வருஷம் பிச்சை எடுத்துக்கிட்டே அங்கம், மகதம், காசி, கோசலம்னு சுத்தினதா தேரிகாதையில அவளே சொல்றா.

இதுக்குப் பதிலடியா சமணர்கள் எழுதினது நீலகேசி. பழையனூர் நீலிப் பேயை எடுத்து, ஒரு முனிவர்கிட்ட தோத்துத் திருந்த வச்சு, துறவியாக்கி, ஊர் ஊரா வாதத்துக்கு அனுப்பறாங்க. அவ முதல்ல ஜெயிக்கறது யாரைன்னு நினைக்கறீங்க? குண்டலகேசியை! தமிழ் குண்டலகேசி முழுசா நமக்குக் கிடைக்கல, சில பாட்டுங்கதான் மிச்சம். நீலகேசி கிடைச்சுது. சமயதிவாகர வாமன முனிவர் உரையோட 1936-ல அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பிச்சார்.

ரெண்டு பேரும் தலைமுடியைத் துறந்த பெண்கள். ஆனா ரெண்டு பேருக்கும் பேரு முடியில இருந்து. முடி போனாலும் பேரு போகல பாருங்க.

தேரிகாதையில இன்னொரு பெண்ணையும் சொல்லியே ஆகணும். வைசாலி நகரத்து அம்பபாலி. ஒரு காலத்துல பேரழகி, வயசான பிறகு துறவி. தன் உடம்பை உச்சியில இருந்து ஒவ்வொண்ணா பார்த்து ஒரு பாட்டு சொல்றா. ஆரம்பமே முடிதான். வண்டு நிறத்துல சுருண்டிருந்தது இப்ப சணல் நார் மாதிரி ஆயிடுச்சுன்னு. புலம்பல் இல்ல, ஒரு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மாதிரி சொல்லிட்டுப் போயிடறா.

ஆணுக்கு நரை வந்தா காவியம்

இதை ஒரு லிஸ்ட் போட்டுப் பார்த்தேன். யசோதர காவியம்: உஞ்சை ராஜா அசோகன் தன் தலையில ஒரு நரைமுடி பார்க்கறான், உடனே மகன்கிட்ட ராஜ்யத்தைக் கொடுத்துட்டுத் துறவு. கம்பராமாயணம்: தசரதன் காது ஓரத்துல ஒரு நரை, ராமனுக்குப் பட்டாபிஷேகம் பண்ண முடிவு. பௌத்த ஜாதகக் கதை: மகாதேவ ராஜா தலையில நாவிதன் ஒரு வெள்ளைமுடி எடுத்துக் காட்டறான், ராஜா கிளம்பிட்டான். புறநானூறு 191: பிசிராந்தையார்கிட்ட "இத்தனை வயசாகியும் ஏன் நரைக்கல?"ன்னு கேக்கறாங்க, அவர் மனைவி, பிள்ளைங்க, வேலைக்காரங்க, அரசன், ஊர்ப் பெரியவங்க எல்லாரும் நல்லவங்கன்னு பதில் சொல்றார். (நரைக்காததுக்குக்கூட பேட்டி எடுத்திருக்காங்க!)

ஆம்பளைக்கு நரை வந்தா அது தூதுவன், ஞானம், அதிகார மாற்றம். பொம்பளைக்கு? அவ்வையார் கதையைப் பாருங்க. கல்யாணப் பேச்சுல இருந்து தப்பிக்க பிள்ளையார்கிட்ட வேண்டி கிழவி ஆனதா செவிவழிக் கதை. அதாவது, சுதந்திரமா ஊர் சுத்தணும்னா முடி வெளுத்தாத்தான் முடியும். காரைக்கால் அம்மையார் கதையும் அதே ரூட்டுதான், அழகே வேணாம், பேய் உருவம் கொடுன்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

நடுவுல ஒரே ஒரு நல்ல இடம், புறநானூறு 277. கொக்கின் இறகு மாதிரி வெளுத்த கூந்தல் உள்ள ஒரு தாய், மகன் யானையைக் கொன்னுட்டு விழுந்தான்னு கேட்டுப் பெருமைப்படறா. அந்த நரையை யாரும் மறைக்கல, யாரும் இரக்கப்படவும் இல்ல. அது பாட்டுக்கு இருக்கு.

மழிக்கிற கை

இதே புறநானூறுல 250-ம் பாட்டுல இன்னொரு தலை இருக்கு. புருஷன் செத்த பிறகு கூந்தல் களையப்பட்ட மனைவி. வளையல் இல்ல, அல்லி அரிசிச் சாப்பாடு. கைம்பெண் கூந்தலைக் களையற வழக்கத்துக்குத் தமிழ்ல இவ்வளவு பழைய சாட்சி இருக்கு.

பின்னாடி சாஸ்திரம்னு ஒரு முத்திரையும் விழுந்துச்சு. மனுஸ்மிருதியில விதவை மொட்டை போடணும்னு விதி கிடையாது. ஸ்காந்த புராணத்துக் காசி காண்டத்துல, விதவை பின்னல் போட்டா அது செத்த புருஷனைக் கட்டிப்போடும்னு ஒரு காரணம் வருது. தமிழ் பிராமண வீடுகள்ல 20-ம் நூற்றாண்டு வரைக்கும் இது நடந்துச்சு. ஆனா எல்லார் வீட்டுலயும் இல்ல. வைணவத்துல தென்கலைக்காரங்க விதவைக்கு மொட்டை அடிக்கறதை ஏத்துக்கல. வடகலை, தென்கலை வித்தியாசங்கள்னு பட்டியல் போடும்போது இதுவும் ஒண்ணு. நாமத்துல மட்டும்தான் வித்தியாசம்னு நினைக்கறவங்க கவனிக்க.

1890-ல பம்பாய்ல நாவிதர்கள் கூட்டம் போட்டு, இனிமே விதவைங்க தலையை மழிக்க மாட்டோம்னு சொன்னாங்க. ஜோதிராவ் பூலேயோட சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே அதுக்குப் பின்னால நின்னவர். கத்தியைப் பிடிச்ச கையே முடியாதுன்னு சொன்ன சம்பவம் அது.

சென்னையில சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல பொறந்தவங்க, சின்ன வயசுலயே கல்யாணம், சின்ன வயசுலயே விதவை. ஆனா அப்பா அம்மா மொட்டை அடிக்க விடல, படிக்க வச்சாங்க. 1911-ல பட்டம் வாங்கினாங்க, மதராஸ் மாகாணத்துல பட்டம் வாங்கின முதல் இந்து விதவை அவங்கதான். 1912-ல இளம் விதவைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினாங்க. திருவல்லிக்கேணி கடற்கரையில ஐஸ் ஹவுஸ்னு சொல்றோமே, இன்னைக்கு விவேகானந்தர் இல்லம், அங்க பல வருஷம் அது நடந்துச்சு.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கவுந்தியடிகள் தலையும் வெறும் தலை, அக்ரகாரத்துப் பாட்டி தலையும் வெறும் தலை. ஒரு போட்டோ எடுத்துக் காட்டினா வித்தியாசம் தெரியாது. ஆனா ஒண்ணுல தன் கை, இன்னொண்ணுல அடுத்தவன் கை. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவேதான் முழு வித்தியாசமும்.

இதுக்கு நேரெதிரா ஒரு விதவை: செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழன் 957 வாக்குல இறந்தார். அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளியா மாத்தினாங்க. நம்ம விருத்தாசலம் கோயில் கற்றளியும் அவங்க வேலைதான். அமெரிக்காவுல வாஷிங்டன் ஃப்ரியர் மியூசியத்துல மூணரை அடி உயரச் செப்புத்திருமேனி ஒண்ணு இருக்கு, 1929-ல வாங்கினது. அது செம்பியன் மாதேவியோட உருவம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க, பார்வதின்னும் சொல்றவங்க உண்டு. உயரமான மகுடம், உடம்பு முழுக்க நகை. அது அந்த அரசியா இருந்தா, வருஷக்கணக்கா விதவையா இருந்த ஒருத்தரை சோழச் சிற்பி அப்படித்தான் வார்த்திருக்கான்.

கட்டுற கை: கொண்டை

சங்ககாலத்துல கூந்தலை ஐம்பால்னு சொன்னாங்க. அஞ்சு விதமா முடியறதால அந்தப் பேரு. உரையாசிரியர்கள் குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடின்னு அஞ்சு பேர் கொடுக்கறாங்க. இதுல வயசான பிறகும் பிழைச்சது கொண்டை ஒண்ணுதான். பின்னல் சின்னப் பொண்ணுக்கு, கொண்டை பெரியவங்களுக்குன்னு ஒரு எழுதாத சட்டம் நம்ம பக்கம் இருந்துச்சு.

கிராமத்துக் கோடாலி முடிச்சைப் பார்த்திருக்கீங்களா? ஊசி, கிளிப் எதுவும் வேணாம். முடியை ஒரு சுத்து சுத்தி, நுனியை உள்ள செருகினா நிக்கும். கழனியில குனிஞ்சு நாத்து நட்டாலும் அவிழாது. இதுல ஒரு இன்ஜினியரிங் விஷயம் இருக்கு. பாரம் உச்சியில விழாம பிடரியில விழுது. ஏன் அது முக்கியம்னா, மாதவிடாய் நிக்கற வயசுல (நம்ம நாட்டுல சராசரியா 46, 47) ஈஸ்ட்ரோஜன் குறையுது, முடி வளர்ற காலம் சுருங்குது, ஒவ்வொரு இழையும் மெலிசாகுது. பெண்களுக்கு ஆம்பளை மாதிரி வழுக்கை விழறது குறைவு. உச்சியில அடர்த்தி குறைஞ்சு வகிடு அகலமாகும். அந்த நேரத்துல இறுக்கி இழுத்துக் கட்டினா நெத்தி ஓரமும் காதோரமும் இன்னும் கொட்டும். தளர்வா, தாழ்வா கட்டற கிழவி கொண்டைக்கு அப்படி ஒரு நியாயம் இருக்கு.

முடி கம்மியானவங்களுக்கு சவுரி. பழைய வடிவம் சவரி. கவரிமான்னு படிக்கறோமே, அந்தக் கவரியோட உறவுக்காரச் சொல். இமயமலைக் கவரிமாவோட வால்முடியில ஆரம்பிச்சு, பஸ் ஸ்டாண்டு ஃபேன்ஸி ஸ்டோர்ல தொங்கற சவுரி வரைக்கும் வந்த பயணம்!

20-ம் நூற்றாண்டுல கொண்டையை ஒரு கௌரவமாவே ஆக்கினவங்க எம்.எஸ். சுப்புலட்சுமி. கொண்டை, அதைச் சுத்தி மல்லிகை, மூக்குத்தி. எழுபது வயசுலயும் அதே. அதே காலத்துல இன்னொரு பக்கம் கே.பி. சுந்தராம்பாள். 1933-ல கிட்டப்பா இறந்ததும் இருபத்தஞ்சு வயசுலயே நகையை விட்டு வெள்ளைக் கதர் கட்டிக்கிட்டாங்க. 1953-ல அவ்வையாரா நடிச்சப்ப அவங்களுக்கு நாப்பத்தஞ்சு. பெரியார் ஒரு படி மேல போய், பெண்கள் முடியைக் கத்தரிச்சுக்கணும், சீவிச் சிங்காரிக்கற நேரம் மிச்சமாகும்னு வெளிப்படையாவே எழுதினார். மூணு பேரும் ஒரே தலைமுறைக் காலத்துல, ஒரே தமிழ்நாட்டுல.

சாயம் போடற கை

இங்க திரும்ப நம்ம ஊருக்கு வர்றேன். நீலகேசியோட நீலி ஞாபகம் இருக்கா? சித்த வைத்தியத்துல நீலின்னா அவுரிச் செடி. நீலச்சாயம் எடுக்கற செடி. நீலிபிருங்காதி தைலம்னு கடையில விக்கறாங்களே, நீலின்னா அவுரி, பிருங்கம்னா கரிசலாங்கண்ணி. அந்தக் காலத்துத் தென்னார்க்காடு ஜில்லா அவுரிக்குப் பேர் போனது. ஜெர்மனியில பேயர் 1880-ல செயற்கை நீலம் செஞ்சார், 1897-ல அது கம்பெனிச் சரக்கா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, இங்க அவுரித் தொட்டிங்க காஞ்சு போச்சு. முழுசா அழியல, திண்டிவனம் வட்டாரத்துல அவுரி இன்னும் விளையுது. இப்ப அதுக்கு முக்கியமான கிராக்கி எங்கே இருந்துன்னா, தலைச் சாயத்துக்கு!

வேலை செய்யற விதம் இதுதான். மருதாணியில இருக்கற சிவப்புச் சாயம் முடியோட புரதத்துல ஒட்டிக்கும். அது மேல அவுரி இலைப்பொடியை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுப் பூசினா, காத்துப் பட்டு நீலமாகும். சிவப்பு மேல நீலம், பார்க்கறதுக்குக் கறுப்பு. முதல்ல மருதாணி ரெண்டு மூணு மணி நேரம், அலசிட்டு அவுரி ஒரு மணி நேரம். கரைச்சு ரொம்ப நேரம் வச்சா அவுரி வீணாயிடும்.

பாக்கெட் சாயம் வேற கதை. 1907-ல பாரீஸ்ல யூஜின் ஷூலர்ங்கற வேதியியல்காரர் ஒரு தலைச்சாயம் தயாரிச்சார். அதுல இருந்து வந்ததுதான் லோரியல் கம்பெனி. இன்னைக்குக் கடையில கிடைக்கற நிரந்தரக் கறுப்புச் சாயம் பெரும்பாலும் பி.பி.டி.ங்கற பாராஃபினைலின்டயமின் வகை. பத்து நிமிஷத்துல கறுப்பு, ஆனா சிலருக்கு ஒவ்வாம முகம் வீங்கிடும். பல வருஷம் போட்டவங்களுக்கும் திடீர்னு வரலாம். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துட்டுப் போடணும்.

எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு. அவங்களுக்கு அம்பத்திரண்டு. மாமா போய் மூணு வருஷம். சாயம் ஒத்துக்காம கண்ணெல்லாம் வீங்கி, டாக்டர் இனிமே தொடவே கூடாதுன்னுட்டார். நரை பாதி, கறுப்பு பாதி, பின்னல் எலிவால் மாதிரி. "தோள் வரைக்கும் வெட்டிக்கலாம்னு இருக்கேன்பா, நீ என்ன சொல்ற?"ன்னு போன்ல கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடி யாரோ, "புருஷன் இல்லாதவளுக்கு எதுக்கு இந்த வயசுல ஸ்டைலு"ன்னது எனக்கே கேட்டுச்சு. அத்தை அமைதியா ஆயிட்டாங்க.

எனக்கு அப்பதான் உறைச்சுது. நூறு வருஷம் முன்னாடி "புருஷன் இல்ல, வெட்டு"ன்னாங்க. இப்ப "புருஷன் இல்ல, வெட்டாதே"ங்கறாங்க. கத்தரி போற திசைதான் மாறியிருக்கு. அத்தைக்கு செம்பியன் மாதேவி கதையைச் சொன்னேன். "அவங்க ராணிடா, நான் ரேஷன் கடை க்யூவுல நிக்கறவ"ன்னு சிரிச்சாங்க. அடுத்த வாரம் திண்டிவனத்துல போய் வெட்டிக்கிட்டாங்க. சாயம் இல்ல. வகிட்டை நடுவுல இருந்து கொஞ்சம் ஓரமா மாத்தியிருந்தாங்க. நிஜமாவே நல்லா இருந்துச்சு.

சரி, கடைசியில எது நல்லா இருக்கும்?

கேள்வியைக் கேட்டுட்டு பதில் சொல்லாமப் போனா அடிப்பீங்க. படிச்சது, பார்த்தது, பார்லர் வச்சிருக்கற ஒரு அக்காகிட்ட கேட்டது எல்லாம் சேர்த்து:

1. வகிடு அகலமாத் தெரிஞ்சா நேர் வகிடு வேணாம். கொஞ்சம் ஓரமா எடுங்க, அல்லது வகிடே இல்லாம பின்னால சீவுங்க.

2. கொண்டைதான் பிடிக்கும்னா பிடரியில, தளர்வா. ஈரத்தலையைச் சுருட்டிக் கட்ட வேணாம். காதுகிட்ட கொஞ்சம் முடி தளர்வா இருந்தா ஒட்டின கன்னம் நிறைவாத் தெரியும்.

3. சவுரி வைக்கறதுன்னா கனமில்லாததா. சொந்த முடி மெலிசா இருக்கும்போது கனமான சவுரி மிச்சத்தையும் இழுத்துடும்.

4. வெட்டிக்கறதுன்னா தோளுக்கும் காதுக்கும் நடுவுல. மெலிஞ்ச முடி குட்டையா இருக்கும்போது அடர்த்தியாத் தெரியும். வட்ட முகத்துக்கு உச்சியில கொஞ்சம் உயரம், நீள முகத்துக்குக் காதோரம் கொஞ்சம் அகலம்.

5. சாயத்தை விடறதுன்னா ஒரே நாள்ல நடக்காது. முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோள் வரைக்கும் வெட்டிக்கிட்டா அந்த ரெண்டு நிற அவஸ்தை சீக்கிரம் முடியும்.

6. பூ வைக்கணும்னு தோணுச்சுன்னா வைங்க. இதுக்கு விளக்கம் தேவையில்ல.

இதெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துக்க வேண்டிய விஷயம். கண்ணாடிக்கு வெளிய ஒரே ஒரு விதிதான் எனக்குப் படுது. அது மேல்சித்தாமூர் சமணர்களோட பழைய நூல்ல இருந்து எடுத்தது, ஆனா முடி பறிக்கச் சொல்றதை இல்ல. எவனையும் நம்பி இருக்காதேன்னு சொல்ற பகுதியை மட்டும். வளர்க்கறதோ வெட்டறதோ, கறுப்போ வெள்ளையோ, அந்தம்மா கையாலயே நடக்கட்டும். நாம செய்யக்கூடிய உதவி, கேட்டா "நல்லா இருக்கு"ன்னு சொல்றதும், கேக்காதப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கறதும்தான். ரிஷபர்கிட்ட இந்திரன் சொன்னதுக்கு மேல நாம என்ன புதுசா சொல்லிடப் போறோம்?

கொசுறு: மேல்சித்தாமூர் போறவங்க பெரிய கோபுரத்தை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. மல்லிநாதர் கோயில் பாறையையும் பாருங்க. கூட்டமே இருக்காது. அப்படியே செஞ்சிக் கோட்டையையும் பார்த்துட்டு வந்தா ஒரு ஞாயித்துக்கிழமை நல்லாப் போகும். அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போங்க :-)